செக்ரட்டரி

சபா செக்ரட்டரிகளைக் கிண்டல் பண்ணிக் கதை எழுதுவது ஒரு காலத்தில் ரொம்ப சுலபம். சந்தன கலர் ஜிப்பா, கக்கத்தில் ரெக்ஸின் பை, வி.ஐ.பி. வந்தால் மட்டும் வளைகிற முதுகு, 'ரெண்டே வார்த்தை' என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் ஓடுகிற நன்றியுரை. இதையெல்லாம் வரிசையாகப் போட்டால் பாதிக் கதை தயார். மீதியை ஓவியர் பார்த்துக்கொள்வார்.

நானும் எழுதினேன். 1984-ல், காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது. ஒரு பத்திரிகையிலிருந்து 40 ரூபாய் மணியார்டர் வந்தது. தபால்காரருக்கு 2 ரூபாய் கொடுத்தது போக, மீதியில் ஒரு சட்டைத் துணி எடுத்தேன். அந்தக் கதையின் செக்ரட்டரிக்காக நான் வெளியே போய் ஆள் தேடவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தார். என் பெரியப்பா.

பெரியப்பாவுக்குப் பெரம்பூரில் ரயில்வே ஆபீஸ் ஒன்றில் கிளார்க் உத்தியோகம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் வேறு ஆள். முந்நூறு மெம்பர்கள் கொண்ட ஒரு சின்ன சபாவுக்கு செக்ரட்டரி. மாதத்துக்கு ரெண்டு நிகழ்ச்சி. ஒரு நாடகம், ஒரு கச்சேரி. ஹால் அட்வான்ஸ், மைக் செட், போலீஸ் பர்மிஷன், கேளிக்கை வரி ஆபீஸ், பக்கவாத்தியக்காரருக்கு இட்லி, எல்லாமே அவர்தான். இதற்குச் சம்பளம் கிடையாது. கிடைத்ததெல்லாம், 'ஃபேன் சுத்தலையே சார்', 'முன் வரிசைல தூண் மறைக்குதே சார்' வகையறா.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. ரசீது. யார் எது கொடுத்தாலும் கார்பன் வைத்து ரசீது எழுதிவிடுவார். ஒருமுறை நான் சுண்டல் வாங்கிவர எட்டணா போட்டதற்கு ரசீது கொடுத்தார். "பப்ளிக் பணம்டா. கணக்குல வரணும்" என்றார்.

1983-ல் அவர் ஒரு காரியம் செய்தார். கேரளாவிலிருந்து கூடியாட்டக் குழு ஒன்றைப் பெரம்பூருக்கு வரவழைத்தார். எட்டுப் பேருக்கு ரயில் டிக்கெட், ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க இடம், சாப்பாடு. எஸ்.வி. சேகர் நாடகம் வரும் என்று காத்திருந்த மெம்பர்களுக்குக் கிடைத்தது சமஸ்கிருத நாடகம். அதிலும் வசனம் எப்போதாவதுதான் வந்தது. மேடையில் ஒரு பெரிய குத்துவிளக்கு, மூன்று திரி. ரெண்டு ஆடுகிறவர் பக்கம், ஒன்று நம் பக்கம். பின்னால் மிழாவு என்கிற பெரிய செம்புக் குடம், வாயில் தோல் கட்டி, மரச் சட்டத்தில் பொருத்தியிருந்தது. ஓரமாக ஒரு அம்மா உட்கார்ந்து சின்னத் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

ராவணன் கைலாச மலையைப் பார்க்கிறான். பார்க்கிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறான். மலை எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், எங்கெங்கே குகை, எங்கே அருவி, எல்லாம் கண்ணாலேயே. அரை மணி நேரம் ஆகியும் மலையைத் தொடவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து ஜனம் எழுந்தது. நான் வாசலில் டிக்கெட் கிழிக்கிற டியூட்டி. உள்ளே போனவர்களைவிட வெளியே வந்தவர்கள் அதிகம் என்று தோன்றிய ஒரே நிகழ்ச்சி அதுதான். கடைசியில் எண்ணிப் பார்த்தேன். பதினேழு பேர்.

செலவுக்காகப் பெரியம்மாவின் ரெட்டை வடம் செயின் சேட்டுக் கடைக்குப் போனது என்று வீட்டில் கிசுகிசு. திரும்பி வரவில்லை.

இவ்வளவு மெட்டீரியல் கையில் இருந்தால் பத்தொன்பது வயசுக்காரன் என்ன செய்வான்? எழுதினேன். என் கதையில் பதினேழு பேர் இல்லை. ஒரு வாட்ச்மேன், ஒரு நாய். செக்ரட்டரியின் மனைவி தலைவலி என்று மூன்றாவது வரிசையில் படுத்துவிடுகிறாள். அவள் கழுத்துச் செயினை வாங்கிக்கொண்டு செக்ரட்டரி அவளுக்கே கார்பன் வைத்து ரசீது எழுதித் தருகிறார். அந்த இடத்துக்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியப்பா படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஐந்து காப்பி.

"நல்லா எழுதியிருக்கேடா. நன்றியுரை பார்ட் பிரமாதம். நான் அப்படித்தானா பேசறேன்?"

நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செயின் சமாசாரம் மட்டும் உங்க பெரியம்மா படிச்சா சங்கடப்படுவா. அவ கண்ணுல படாம வெச்சிருக்கேன். நீயும் காட்டாதே."

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் எதையாவது கேட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். "யாருக்கும் புரியாதுன்னு தெரிஞ்சும் அதை ஏன் பெரியப்பா கூட்டிட்டு வந்தீங்க?"

"1962-ல எனக்கும்தான் புரியலை" என்றார்.

அப்படித்தான் ராகவன் சார் கதை எனக்குக் கிடைத்தது. அன்று பாதி கேட்டேன். மீதியைப் பல வருஷம் கழித்துப் புத்தகங்களில் தேடிப் படித்தேன்.

டாக்டர் வே. ராகவன். திருவாரூர்க்காரர், 1908-ல் பிறந்தவர். தியாகராஜரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் பிறந்த ஊர். மாநிலக் கல்லூரியில் குப்புசாமி சாஸ்திரியிடம் சமஸ்கிருதம் படித்தார். போஜ ராஜா 11-ம் நூற்றாண்டில் எழுதிய, 36 அத்தியாயங்கள் கொண்ட சிருங்கார பிரகாசம் என்ற பிரம்மாண்டமான நூலை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அந்த ஆராய்ச்சி நூலுக்குத்தான் 1966-ல் சாகித்ய அகாடமி பரிசு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதத் துறைத் தலைவராக இருந்தார். உலகத்தில் எந்தெந்த நூலகத்தில் என்னென்ன சமஸ்கிருத ஏட்டுச்சுவடி இருக்கிறது என்று பட்டியல் போடுகிற ஒரு ராட்சச வேலையை அந்தப் பல்கலைக்கழகம் 1935-ல் ஆரம்பித்தது. அதை இழுத்துக்கொண்டு போனவர்களில் முக்கியமானவர் இவர். 1953-54-ல் ஐரோப்பிய நூலகங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி அங்கே கிடந்த சுவடிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார். வேலை அவர் காலத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. நடுவில் சமஸ்கிருதத்தில் 'அனார்கலி' என்று ஒரு நாடகம் வேறு எழுதியிருக்கிறார். சலீம் காதல் வசனத்தைச் சமஸ்கிருதத்தில் நினைத்துப் பாருங்கள்.

இத்தனையும் ஒரு வாழ்க்கைக்குப் போதும். ஆனால் அவருக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது. 1944-லிருந்து 1979-ல் இறக்கும்வரை, 35 வருஷம், அவர் மியூசிக் அகாடமியின் செயலாளர். பெரியப்பாவுக்கு இதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். "என்னை மாதிரி செக்ரட்டரிடா அவரும்!" என்பார். 'என்னை மாதிரி' கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் அந்த வேலையின் சங்கடங்களை யோசித்தால் ரொம்ப ஜாஸ்தி இல்லை. மார்கழிக்கு மார்கழி வித்வான்களைச் சேர்க்க வேண்டும். காலையில் நடக்கும் நிபுணர்கள் கூட்டத்தில், ஒரு ராகத்தில் ஒரு ஸ்வரம் வருமா வராதா என்று சண்டை போடுகிறவர்களை ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். பேசியதையெல்லாம் எழுதி அகாடமியின் ஆராய்ச்சி இதழில் அச்சேற்ற வேண்டும். அந்த இதழுக்கும் அவர்தான் ஆசிரியர். போஜனைப் படித்தவர் புரூஃபும் படித்தார்.

கூடியாட்ட விஷயத்துக்கு வருகிறேன். பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் ஆயிரக்கணக்கான சுலோகங்கள் இருக்கின்றன. கண்ணை எப்படி வைப்பது, புருவத்தை எப்படி உயர்த்துவது, மேடையில் எந்தப் பக்கம் நடந்தால் இமயமலைக்குப் போனதாக அர்த்தம் என்றெல்லாம் இருக்கிறது. ஆனால் சமஸ்கிருத நாடகம் என்பது புத்தகத்தில் மட்டும் மிச்சமிருக்கிற விஷயம் என்றுதான் வெளியுலகம் நினைத்துக்கொண்டிருந்தது. சாகுந்தலத்தை வகுப்பில் இலக்கணம் பிரித்துப் படித்தார்களே தவிர, பழைய முறைப்படி எப்படி ஆடினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேரளத்துக் கோயில்களில் கூத்தம்பலங்களுக்குள் மட்டும் சாக்கியார் குடும்பங்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக ஆடிக்கொண்டிருந்தன. நம்பியார்கள் மிழாவு வாசிப்பார்கள், நங்கியார்கள் பெண் பாத்திரமும் தாளமும். ஒரு அங்கத்தை ஆடி முடிக்கப் பல ராத்திரிகள். பார்க்கவும் எல்லோருக்கும் அனுமதி கிடையாது. கோயிலுக்குள் போக முடிந்த சாதிக்காரர்களுக்குத்தான். மிழாவைப் பிரம்மச்சாரியாகப் பாவித்துப் பூணூல் கல்யாணம் செய்வார்கள் என்று பெரியப்பா சொன்னபோது நான் சிரித்தேன். நிஜம்தான். வாத்தியம் பழசாகிப் பயன்படாமல் போனால் அதற்கு ஈமக்கிரியையும் உண்டு.

பாசன் எழுதியதாகச் சொல்லப்படும் பதின்மூன்று நாடகங்களின் சுவடிகள் 1909-க்குப் பிறகு கணபதி சாஸ்திரி கையில் கிடைத்து அச்சானபோது பண்டிதர்கள் உலகமே துள்ளியது. தொலைந்துபோன நாடகங்கள் கிடைத்துவிட்டன என்று. முதல் கட்டு கிடைத்த மணலிக்கரை பத்மநாபபுரம் பக்கம், இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டம். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் சில நாடகங்களின் அங்கங்களைச் சாக்கியார்கள் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். தொலைந்துபோனது பண்டிதர்களுக்குத்தான்.

1950-களில் மாணி மாதவ சாக்கியார், பைங்குளம் ராம சாக்கியார் போன்றவர்கள் கோயில் மதிலைத் தாண்டி வெளியே வந்து ஆட ஆரம்பித்தார்கள். சொந்தச் சமூகத்திலேயே எதிர்ப்பு. அந்தத் துணிச்சல் முழுக்க அவர்களுடையது. யாரும் தூரத்திலிருந்து பங்கு கேட்க முடியாது. ஆனால் வெளியே வந்தவர்களுக்கு அடுத்த கேள்வி, எங்கே போவது, யார் கூப்பிடுவார்கள் என்பது. ராகவன் 1958-ல் சம்ஸ்கிருத ரங்கம் என்று ஒரு அமைப்பைச் சென்னையில் ஆரம்பித்திருந்தார். அதன் பெயரில் 1962-ல் மாணி மாதவ சாக்கியாரையும் குழுவையும் சென்னைக்கு அழைத்தார். கூடியாட்டம் கேரளத்துக்கு வெளியே ஆடப்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் கூட்டத்தில் பெரியப்பா இருந்தார். ஆபீஸில் யாரோ பாஸ் கொடுத்ததால் போனார். இருபத்தெட்டு வயசு. சமஸ்கிருதம் ஒரு அட்சரம் தெரியாது. முதல் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டாராம்.

"மிழாவுச் சத்தத்துல முழிச்சேன். விளக்கு முன்னாடி அந்த மனுஷன் கண்ணு மட்டும்தான் அசையுது. கண்ணுக்குள்ள யாரோ நடந்து போறாங்க. சத்தியமாடா. நான் பார்த்தேன். வெளிய வந்து டீ குடிக்கப் போனா டீக்கடைக்காரன் கண்ணையே பார்த்துட்டு நிக்கறேன்."

மறுநாள் ராத்திரி பாஸ் இல்லாமல் போனார். ஆட்டம் முடிந்ததும் மிழாவை வண்டியில் ஏற்ற ஆள் தேடினார்கள் என்றும், ஒரு பக்கம் தாங்கிப் பிடித்த நாலு பேரில் தானும் ஒருவர் என்றும் சொல்வார். இந்த இடம் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் வளர்ந்தது. கடைசியாகக் கேட்டபோது அவர் ஒருவர்தான் தூக்கினார்.

"படிச்சவங்க நிறையப் பேர் இருக்காங்க" என்றார் அன்று. "நாட்டிய சாஸ்திரம் முழுக்க மனப்பாடமா வெச்சிருக்கறவங்க இருக்காங்க. ஆனா கேரளாவுக்கு லெட்டர் போட்டு, டிக்கெட் எடுத்துக் குடுத்து, வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டு, ஹாலுக்கு வாடகை குடுத்து, நாலு பேரைக் கூப்பிட்டு உக்கார வைக்கணுமில்ல? அதை எந்த சாஸ்திரத்துலயும் எழுதலைடா."

எனக்கு அப்போது இது ஒரு செக்ரட்டரியின் சுயபுராணமாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ராகவனுக்கு நூல் தெரியும், அதனால் அந்த ஆட்டத்தின் மதிப்புத் தெரிந்தது. அவரிடம் ஒரு லெட்டர்ஹெட் இருந்தது, அதனால் கூப்பிட முடிந்தது. இந்த ரெண்டும் ஒரே ஆளிடம் சேருவது அபூர்வம். பெரும்பாலும் தெரிந்தவரிடம் லெட்டர்ஹெட் இருக்காது. லெட்டர்ஹெட் இருப்பவருக்குத் தெரியாது.

1965-ல் கேரள கலாமண்டலம் கூடியாட்டத்தைப் பாடமாக வைத்தது. பைங்குளம் ராம சாக்கியார் ஆசிரியர். சாக்கியார் அல்லாத பிள்ளைகளும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். 2001-ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. அந்த அறிவிப்பைப் பெரியப்பா பார்க்கவில்லை. அவர் 1997-ல் போய்விட்டார்.

ராகவன் மேல் எனக்கு மனத்தாங்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1940-களில் தமிழிசை இயக்கம் கிளம்பியபோது மியூசிக் அகாடமி எதிர்ப் பக்கம் நின்றது. அவரும் எதைப் பேசினாலும் அதற்குச் சமஸ்கிருதத்தில் ஒரு வேர் பிடிக்கிற மனுஷர்தான். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடியதைப் படித்து வளர்ந்தவனுக்கு அது உறுத்தும். பெரியப்பாவிடம் சொன்னேன். "உறுத்தட்டும். அதுக்காக அவர் செஞ்சது இல்லைன்னு ஆயிடுமா?" என்றார்.

செய்ததில் இன்னொன்றும் உண்டு. 1930-களின் ஆரம்பத்தில் சதிராட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று ஒரு பக்கமும் காப்பாற்ற வேண்டும் என்று இன்னொரு பக்கமும் பத்திரிகைகளில் யுத்தம் நடந்தபோது, இருபத்தைந்து வயசு ராகவன் புனைபெயரில் அந்த ஆட்டத்துக்காக வாதாடினார். பாலசரஸ்வதியோடு சேர்ந்து 1959-ல் 'பரதநாட்டியம்' என்று தமிழிலேயே புத்தகம் எழுதினார். அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் அதுவரை பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் இசை அறிஞர்களுக்கும்தான். 1973-ல் முதல் முறையாக ஒரு நடனக் கலைஞருக்குப் போனது. வீணை தனம்மாளின் பேத்தி, தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதிக்கு. அப்போது செயலாளர் நாற்காலியில் இருந்தவர் ராகவன். கமிட்டி முடிவுதான், தனி மனுஷர் முடிவு இல்லை என்பீர்கள். கமிட்டியில் உட்கார்ந்து பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும், ஒரு முடிவு தானாக நடந்து வந்து மினிட்ஸ் புத்தகத்தில் உட்காராது.

பெரியப்பா போனபிறகு சபாவும் ரெண்டு வருஷத்தில் மூடிவிட்டது. டி.வி. சீரியல்கள்தான் காரணம் என்றார்கள். பரணில் அவருடைய ரெக்ஸின் பை, ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டி நிறைய ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள். வருஷவாரியாகச் சணல் போட்டுக் கட்டியிருந்தார். எடைக்குப் போடுவதற்கு முன் பார்க்கலாம் என்று 1983-ஐப் பிரித்தேன்.

மெம்பர் சந்தா, மெம்பர் சந்தா, மைக் செட் அட்வான்ஸ் திரும்பியது, மெம்பர் சந்தா. பிறகு அவருடைய சாய்ந்த கையெழுத்தில், பெரியம்மாவின் பெயருக்கு ஒன்று. 'நன்கொடை: ரெட்டை வடம் செயின் ஒன்று. எடை மூன்றரைப் பவுன். கூடியாட்ட நிகழ்ச்சிக்காக. நன்றியுடன் பெற்றுக்கொள்ளப்பட்டது.' கீழே கையெழுத்து, அதன் கீழே செயலாளர் என்று ரப்பர் ஸ்டாம்ப்.

எல்லோரும் சிரித்த இடம். நான் கற்பனை என்று நினைத்து எழுதியது.

அடிக்கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அதற்குள் ஒரிஜினல்.

"அவர் கேக்கலைடா. ரயில் டிக்கெட்டுக்குப் பணம் பத்தலைன்னு ராத்திரியெல்லாம் கணக்கு எழுதிட்டு இருந்தார். நான்தான் கழட்டிக் குடுத்தேன். காலைல ஆபீஸ் போறப்போ இதை எழுதி சாமி படத்துக்கிட்ட வெச்சிட்டுப் போயிட்டார்."

"வருத்தமா இல்லையா பெரியம்மா?"

"செயினுக்கா? இருந்துச்சு. இல்லாம இருக்குமா? ஆனா அந்த ஆட்டம் நல்லா இருந்துச்சுடா. ராவணன் மலையைத் தூக்கிட்டு நின்னானே, கடைசியில. தாளம் போட்ட அந்தப் பொண்ணு அசையவே இல்ல, பார்த்தியா? நீ எங்க பார்த்தே, வாசல்ல நின்னுட்டு இருந்தே."

ரசீதைத் திரும்பக் கவருக்குள் வைத்து மடித்தார். கீரைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"நான் முடியற வரைக்கும் உக்காந்து பார்த்தேன். தலைவலின்னு படுத்துக்கிட்டதா ஏன்டா எழுதினே?"